கார்பன் நீக்கமா, கரிவிலக்கா?

போன வாரம் பொன்னமராவதி பேருந்து நிலையத்தில் ஒரு பையன் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தான். நல்ல வழவழப்பான தாள், பச்சை எழுத்து, ஓரத்தில் இரண்டு இலை. 'கார்பன் இல்லா வாழ்வை நோக்கி' என்று தலைப்பு. கீழே வரிசையாக அறிவுரைகள். விறகு எரிக்காதீர்கள், சருகைக் கொளுத்தாதீர்கள், தேவையில்லாமல் மின்விசிறியைச் சுழலவிடாதீர்கள், பக்கத்துத் தெருவுக்கு வண்டியில் போகாதீர்கள். கடைசியில், 'கார்பன் நீக்கம் நம் ஒவ்வொருவரின் கடமை.'

வீட்டுக்கு வந்து, படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தேன். நிலக்கரி என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. அதுதான் இந்தப் பதிவை எழுதக் காரணம்.

என் வீட்டம்மா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏங்க, கார்பன் பேப்பர்தான் எப்பவோ ஒழிஞ்சு போச்சே, இப்ப எதுக்கு இந்த நோட்டீசு?" என்றாள். சிரித்தேன், ஆனால் அவள் கேட்டதில் தவறில்லை. என்னைப் போன்ற எழுத்தர்களுக்குக் கார்பன் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அந்த நீலக் கறுப்புத் தாள்தான். தட்டச்சில் மூலப்படி ஒன்று, அதன் கீழே நகல் நான்கு. நான்காவது நகலில் எழுத்து புகை மாதிரித் தெரியும். அதுதான் எப்போதும் நம் பிரிவுக்கு வரும். கணினி வந்ததும் அலுவலகங்களில் 'கார்பன் நீக்கம்' எந்த மாநாடும் இல்லாமல் நடந்து முடிந்துவிட்டது.

இன்னொரு கார்பன் நீக்கமும் நமக்குப் பழக்கம். பழைய ஸ்கூட்டர், ராஜ்தூத் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். வண்டி இழுக்காது, புகை தள்ளும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், "கார்பன் அடைச்சிருக்குண்ணே, டீகார்பன் பண்ணணும்" என்பார். சைலன்சரைக் கழற்றி நெருப்பில் காட்டித் தட்டினால் கறுப்புப் பொருக்கு பொலபொலவென்று உதிரும். ஆக, உலகத் தலைவர்கள் பேசுவதற்கு முன்பே இந்தச் சொல் நம் ஒர்க்ஷாப்பில் இருந்திருக்கிறது. அங்கே அதற்குத் தெளிவான பொருளும் இருந்தது. எது அடைத்திருக்கிறது, எங்கே அடைத்திருக்கிறது, யார் எடுக்கப் போகிறார், கூலி எவ்வளவு என்று எல்லாமே தெரியும். துண்டறிக்கையில் வரும் கார்பன் நீக்கத்தில் இவற்றில் ஒன்றுகூடத் தெரியவில்லை.

முதலில் அந்தத் தலைப்பு அறிவியல்படியே நிற்காது. நம் உடல் எடையில் ஏறத்தாழ 18 விழுக்காடு கார்பன். சோறு கார்பன், பருப்பு கார்பன், பருத்தி வேட்டி கார்பன், துண்டறிக்கை அச்சடித்த தாளும் கார்பன். கார்பன் ஏறக்குறைய இல்லாத நிலைக்கு மனிதன் போவது சுடுகாட்டில் சாம்பலான பிறகுதான். அதை நோக்கித்தான் எல்லோரும் போய்க்கொண்டிருக்கிறோம், அதற்குப் பச்சை எழுத்தில் அழைப்பிதழ் வேண்டியதில்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தப் படிப்பால் உத்தியோகத்தில் பெரிய பயன் எதுவும் வரவில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் உதவுகிறது. பிரெஞ்சு மொழியில் 'ஷர்போன்' என்றால் கரி. அடுப்புக்கரி, நிலக்கரி இரண்டுக்கும் அதே சொல். 'கர்போன்' என்றால் தனிமம். இரண்டுக்கும் வேர் ஒன்றே, 'கார்போ' என்ற லத்தீன் சொல். வீட்டுப் பேச்சில் வளர்ந்து உருமாறியது ஷர்போன். அறிஞர்கள் உட்கார்ந்து செய்தது கர்போன். செய்தவர்கள் யார், எப்போது என்பதும் தெரியும். கித்தோன் தெ மொர்வோ, லவுவாசியே, பெர்த்தொலே, பூர்க்ருவா ஆகிய நால்வர் 1787இல் வேதியியல் பெயரிடும் முறை பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். வைரத்தை எரித்தாலும் கரியை எரித்தாலும் ஒரே வாயுதான் வருகிறது என்று லவுவாசியே ஏற்கெனவே பார்த்திருந்தார். அப்படியானால் இரண்டுக்கும் உள்ளே இருக்கும் பொதுப்பொருளுக்குத் தனிப்பெயர் வேண்டும், சந்தையில் விற்கும் ஷர்போனோடு அது குழம்பக் கூடாது என்பதற்காகப் பிறந்த சொல் கர்போன். ஆங்கிலக்காரர்கள் அதையே கார்பன் என்று எடுத்துக்கொண்டார்கள். (லவுவாசியே வரி வசூல் குத்தகையிலும் இருந்தார். 1794இல் அவர் தலை போனது அதனால்தான், வேதியியலால் அல்ல. வருவாய்த்துறை நண்பர்கள் கவனிக்க.)

கரியிலிருந்து பிரித்துக் காட்டத்தான் கார்பன் என்ற சொல்லையே உண்டாக்கினார்கள் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். இன்று அதே சொல் கரியை மூடி மறைக்கும் துணியாகிவிட்டது.

நம் மொழியில் நிலைமை இன்னும் வேடிக்கை. கரி என்றால் அடுப்புக்கரி, யானை, கருமை. பழந்தமிழில் சாட்சி என்றும் பொருள். நீத்தார் பெருமை அதிகாரத்தில் வள்ளுவர் இந்திரனைச் சாட்சிக்கு அழைப்பது இந்தச் சொல்லால்தான். பொங்கலுக்கு மறுநாள் கரிநாள். மானம் போனால் முகத்தில் கரி. நம் காலத்துப் பாடப்புத்தகத்தில் கரியமில வாயு என்று படித்தோம், பேரன் கார்பன் டை ஆக்சைடு என்கிறான், இலங்கைத் தமிழர் காபனீரொட்சைட்டு என்று எழுதுகிறார்கள். நடுவில் தனிமத்துக்குக் கரிமம் என்று ஒரு சொல் வந்தது. நல்ல சொல்தான். ஷர்போனுக்கும் கர்போனுக்கும் உள்ள வேறுபாட்டைக் கரி, கரிமம் என்று தமிழில் அழகாகக் காட்டலாம்.

ஆனால் தனித்தமிழ் அன்பர்கள் கார்பன் நீக்கத்தைக் 'கரிம நீக்கம்' என்று மாற்றியதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு சிக்கலைச் சொல்கிறேன். மண் பரிசோதனை அட்டையை எடுத்துப் பாருங்கள். மண்ணில் அங்ககக் கரிமம் குறைவு, தொழுவுரம் போட்டுக் கூட்டுங்கள் என்று விவசாயிக்குச் சொல்கிறார்கள். ஒருவர் கரிமத்தைக் கூட்டு என்கிறார், இன்னொருவர் கரிமத்தை நீக்கு என்கிறார். மானாவாரிப் புஞ்சை வைத்திருப்பவர் என்ன செய்வார்? இரண்டு காகிதத்தையும் மடித்து எரவாணத்தில் செருகுவார்.

சொல் குழப்பத்தால் மண் அட்டை குப்பைக்குப் போனால் போகட்டும் என்று விடலாம். என் கோபம் அதற்கல்ல. கார்பன் என்று சொன்னால் குற்றம் எல்லோர் மீதும் ஒரே அளவாகத் தெளிக்கப்படுகிறது. கரி என்று சொன்னால், எந்தக் கரி, யார் வெட்டினார், எந்தக் கப்பலில் வந்தது, எந்தக் கொதிகலனில் போனது என்று கேட்க வேண்டியிருக்கும். துண்டறிக்கையின் முதல் அறிவுரை விறகு எரிக்காதீர்கள் என்பது. இந்த ஊரில் இன்றைக்கு விறகு எரிப்பது யார்? சிலிண்டர் விலை கட்டாத கிழவி, டீக்கடைக்காரர், கொன்னையூர் மாரியம்மன் சந்நிதியில் பொங்கல் வைப்பவர். அவர்கள் எரிக்கும் சீமைக்கருவேலை நேற்று முளைத்தது. அது காற்றிலிருந்து வாங்கியதைத்தான் காற்றுக்குத் திருப்பித் தருகிறது. வெட்டிய இடத்தில் அடுத்த மழைக்குத் துளிர்த்து மறுபடி வாங்கிக்கொள்கிறது. (கருவேலை துளிர்ப்பதை நிறுத்த யாராலும் முடியவில்லை என்பது தனிப்புலம்பல்.) ஒடிசாவின் தால்ச்சரில் வெட்டி, பாரதீப்பில் கப்பலேற்றி, எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் இறக்கும் நிலக்கரி அப்படியல்ல. 25 கோடி ஆண்டுகளுக்கு மேல் பூமிக்குள் கணக்கில் வராமல் கிடந்த இருப்பு அது. இரண்டையும் ஒரே கார்பன் தலைப்பில் வரவு வைப்பது எந்தத் தணிக்கையிலும் தேறாது.

அதற்காக, 'நம் முன்னோர் கரியே இல்லாமல் இயற்கையோடு வாழ்ந்தார்கள்' என்று தலையங்கம் எழுதுபவர்களோடும் நான் சேர மாட்டேன். எங்கள் வீட்டு அடுப்படிச் சுவர் கறுப்பு. அம்மாவின் இருமல் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் போகும்வரை இருந்தது. ஊதுகுழலைப் பிடித்துக் கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தவர்களிடம் கேட்டு எழுதப்பட்டதல்ல அந்த முன்னோர் புராணம். பொன்னமராவதிக்கு ரயிலும் இல்லை, கொதிகலன் ஆலையும் இல்லை. மூட்டம் போட்ட அடுப்புக்கரி தவிர வேறு கரியை இந்த ஊர்க் கடைத்தெரு அதிகம் கண்டதில்லை. அந்த அடுப்புக்கரியும் கொல்லுலைக்கும் சலவைக்காரர் பெட்டிக்கும் போனது. மீதியில் பல் துலக்கினோம். நிலக்கரி இல்லாமல் வாழ்ந்தோம் என்பது உண்மை. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, வேறு வழி இல்லாமல் வாழ்ந்தோம்.

நிலக்கரியை நான் கண்ணால் பார்த்தது ரயிலில். விழுப்புரம் போகும் வண்டியில் சன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும், சட்டை நரைக்கும். அந்த வண்டிக்குப் பெயரே புகைவண்டி. தொண்ணூறுகளில் நீராவி எஞ்சின்கள் ஓய்ந்தன. இப்போது திருமயம் பக்கம் போகும் வண்டி மின்கம்பியில் ஓடுகிறது. பெயரும் தொடர்வண்டி என்று மாறிவிட்டது. புகை போய்விட்டது என்று நினைக்கிறோம். இந்தியாவின் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்னும் நிலக்கரியில்தான் வருகிறது. புகை ரயிலை விட்டு இறங்கி, நாம் போகாத ஊர்களில் குடியேறியிருக்கிறது, அவ்வளவுதான். பெயரை மாற்றினோம், புகையை இடம் மாற்றினோம்.

அந்த ஊர்களில் ஒன்றில் என் அக்கா இருக்கிறார். கடலோரம், நிலக்கரி இறக்கும் இடத்துக்குப் பக்கம். எந்த ஊர் என்று சொல்லவில்லை, அங்கே வழக்கும் மனுவும் நடக்கின்றன. காலையில் திண்ணையைத் துடைத்தால் மத்தியானத்துக்குள் மறுபடி கறுப்பு. காயப்போட்ட வெள்ளைத் துணியில் விரல் வைத்தால் ரேகை விழுகிறது. எழுபத்தெட்டு வயதில் மூச்சுக்கு மருந்து இழுக்கிறார். அவரிடம் போய், 'அக்கா, கார்பன் நீக்கம் நம் ஒவ்வொருவரின் கடமை' என்று சொல்லத் துணிவுள்ளவர்கள் சொல்லட்டும். அந்தத் திண்ணையில் கிடப்பது கரி. வள்ளுவர் சொன்ன பொருளிலும் கரிதான். சென்னைத் துறைமுகத்தில் இதே தூசிக்காக வடசென்னை மக்கள் போராடி, 2011இல் உயர்நீதிமன்றம் அங்கே நிலக்கரியைக் கையாளக் கூடாது என்றது. நிலக்கரி எண்ணூருக்குப் போனது. எண்ணூரிலும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள்.

நெய்வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது. 1956இல் நிறுவனம், 1962இல் மின்சாரம். எங்கள் தலைமுறைக்கு அது பெருமை. புதுச்சேரியில் விளக்கெரிந்ததும் அதனால்தான், நான் மறுக்கவில்லை. 'லிஞ்ஞித்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு லத்தீனில் மரம் என்பது வேர். நாம் பழுப்பு நிலக்கரி என்கிறோம். அந்தப் பழுப்பு நிலக்கரிக்காக 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்த விவசாயிகள் வாயில் கார்பன் என்ற சொல் வரவில்லை. நிலம், பயிர், நிலக்கரி என்று பேசினார்கள்.

நம் மாவட்டத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் நெடுவாசலில் உட்கார்ந்தார்களே, அப்போது ஹைட்ரோ கார்பன் என்ற வேதியியல் சொல் ஒரே வாரத்தில் ஆலங்குடி வட்டாரத்துப் பாட்டிமார் வாயில் நுழைந்தது. எப்படி நுழைந்தது? எந்த நிலத்தில், எத்தனை அடி ஆழத்தில், யாருக்குக் குத்தகை என்ற விவரத்தோடு வந்ததால் நுழைந்தது. பாட்டி வீட்டுச் சிலிண்டரில் இருப்பதும் ஹைட்ரோ கார்பன்தான், அது வேறு கதை. 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்து, நம் மாவட்டத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி வட்டாரங்களை அதில் சேர்த்தார்கள். சொல்லுக்கு முகவரி இருந்தால் அது சட்டம்வரை போகும் என்பதற்கு இதைவிடப் பக்கத்துச் சான்று எனக்குத் தெரியாது.

உலக அரங்கிலும் சண்டை சொல்லில்தான். 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டின் கடைசி மணி நேரத்தில் நிலக்கரி மின்சாரத்தைப் 'படிப்படியாக ஒழிப்பது' என்றிருந்த வாசகத்தை இந்தியா 'படிப்படியாகக் குறைப்பது' என்று மாற்ற வைத்தது. ஒரே சொல்தான், மாநாட்டுத் தலைவர் மேடையிலேயே கலங்கிவிட்டார். நம் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இருநூறு வருடம் எரித்துப் பணக்காரர்களானவர்கள் எண்ணெயையும் எரிவாயுவையும் விட்டுவிட்டு நிலக்கரியை மட்டும் பிடித்தது சூழ்ச்சிதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே நிலக்கரி என்று பெயர் சொல்லி எழுதியதால்தான் சண்டை வந்தது. கார்பன் என்று எழுதியிருந்தால் எல்லோரும் கைதட்டிக் கையெழுத்திட்டு ஊருக்குப் போயிருப்பார்கள்.

பிரெஞ்சுக்காரர்களும் இப்போது 'தெகர்போனே' என்று பேசுகிறார்கள். ஆனால் குறிப்பாகச் சொல்லும்போது 'ஸோர்த்தி த்யு ஷர்போன்' என்கிறார்கள், கரியிலிருந்து வெளியேறுதல். ஜெர்மானியருக்கும் அதே பொருளில் ஒரு சொல் உண்டு. 2038க்குள் என்று 2020இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். நிலக்கரியால் சாம்ராஜ்யம் கட்டிய இங்கிலாந்து 2024 செப்டம்பர் 30 அன்று தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடியது. நாள் குறித்து மூடினார்கள். நாள் குறிக்க முடிகிற சொல்தான் எனக்கு வேண்டும்.

தமிழில் அதற்குச் சொல் தேடி அலைய வேண்டாம். மதுவிலக்கு என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கியதிலிருந்து அதன் பொருள் குழந்தைக்கும் தெரியும். அதே வார்ப்பில் நிலக்கரி விலக்கு, சுருக்கமாகக் கரிவிலக்கு. விலக்கு என்றால் விலக்குபவர் ஒருவர் வேண்டும், ஆணை எண் வேண்டும், நாள் வேண்டும். 'நீக்கம் மேற்கொள்ளப்படும்' என்று எழுதினால் யாரும் எதையும் செய்ய வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வாக்கியங்களை முப்பது வருடத்துக்கு மேல் நானே எழுதியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

இதை மாலை நடையில் ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் இரண்டு ஆட்சேபம் சொன்னார். ஒன்று, மதுவிலக்கு என்ற பெயர்ப்பலகை மாட்டிய துறையின் கீழ்தான் டாஸ்மாக் நடக்கிறது. உங்கள் கரிவிலக்கும் அப்படித்தான் ஆகும். பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு, வரிவிலக்கு என்றால் வரியிலிருந்து தப்புவது. அப்படியானால் கரிவிலக்கு என்பதைக் கரிக்கு விலக்கு அளிப்பது என்றும் படிக்கலாமே?

இரண்டாவது ஆட்சேபத்தை இரவெல்லாம் யோசித்தேன். அவர் சொன்ன பொருளில் கரிவிலக்கு நாட்டில் ஏற்கெனவே அமலில் இருக்கிறது என்பது விடியும்போதுதான் உறைத்தது. அனல்மின் நிலையப் புகையில் கந்தக வாயுவைக் குறைக்க வேண்டும் என்று 2015 டிசம்பரில் மத்திய அரசு விதி போட்டது. கெடு இரண்டு ஆண்டு. பிறகு கெடுவை நீட்டினார்கள், மறுபடி நீட்டினார்கள். 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கருவியே வேண்டாம் என்று விலக்கு அளித்துவிட்டார்கள். இதைத் துண்டறிக்கைக்காரர் அறிவாரா? கிழவியின் விறகுக்கு அறிவுரை, கொதிகலனுக்கு விலக்கு. ஆகவே சொல்லை விட்டுக்கொடுக்கப் போவதில்லை. எந்தக் கரிவிலக்கு என்று கேட்க வைக்கும் சொல்லாக இருந்தால் இன்னும் நல்லது.

துண்டறிக்கையின் அடியில் ஓர் அலுவலகத் தொலைபேசி எண் இருந்தது. பேர் சொல்லவில்லை, அங்கே இருப்பவர்களும் என்னைப் போல் எழுத்தர்கள்தான். முதலில் கடிதம் எழுதினேன், தலைப்பில் கார்பனை அடித்து நிலக்கரி என்று திருத்திய பிரதியும் இணைத்தேன். பத்து நாள் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டேன். ஒரு பெண் குரல், மரியாதையாகவே பேசியது.

"உங்க லெட்டர் பார்த்தோங்க ஐயா. நீங்க சொல்றது சரிதான். ஆனா மேலேருந்து வந்ததுல கார்பன்னுதான் இருந்துச்சு. அடுத்த தடவை மாத்தணும்னா மேலேருந்து எழுதி வரணுங்க."

மேலே எந்த முகவரிக்கு எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை சொல்வதாகச் சொன்னார்.